விற்பனையைப் பகிருங்கள், உரிமத்தைப் பகிராதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்திலுள்ள டோங்காட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரும் அவருடைய அக்காவும் சேர்ந்து, பச்சிளங்குழந்தைகளின் மஞ்சள்காமாலைக்கு ஒளி சிகிச்சை தரும் எல்இடி விளக்குக் கருவி செய்கிறார்கள். ஏழு பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம். அங்குள்ள குவாசுலு-நட்டால் மாகாணத்தில் இரண்டு மாவட்ட மருத்துவமனைகள் வாங்கிப் பயன்படுத்துகின்றன. இப்போது ஓர் ஐரோப்பிய நிறுவனம் வந்து, "ஆப்பிரிக்கா முழுவதும் நாங்களே விற்றுத் தருகிறோம், உங்கள் நிறுவனத்தில் 30 சதவீதப் பங்கும் வாங்கிக்கொள்கிறோம்" என்கிறது. வீட்டை அடமானம் வைத்துப் பணம் போட்ட அப்பா, "வீடு தேடி வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பாதே" என்கிறார். அக்காவுக்கு மனமில்லை. சேரலாமா, தனியாகவே நிற்கலாமா என்பது கேள்வி.

தம்பி, என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்பதற்குச் சேருங்கள். பங்கை இப்போது கொடுக்காதீர்கள். கருவியை விற்கும் அரசு உரிமம், வடிவமைப்புக் கோப்பு, புகார்ப் பதிவேடு ஆகிய மூன்றும் எக்காரணம் கொண்டும் உங்கள் பெயரைவிட்டுப் போகக் கூடாது. இந்த நாட்டில் மருத்துவக் கருவிகளின் தரச் சான்று, உரிம வேலைகளிலேயே என் பிழைப்பு ஓடியிருக்கிறது. தனியாக நின்று மூச்சுத் திணறிய நிறுவனங்களையும் பார்த்திருக்கிறேன். அவசரத்தில் கையெழுத்துப் போட்டுச் சொந்தக் கருவிக்கே அந்நியமாகிப் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

முழுக்கத் தனியாக நிற்பது ஏன் கடினம் என்பதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு கதை உண்டு. 1956-ல் கேப்டவுனின் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேர இயற்பியலாளராக இருந்தவர் ஆலன் கார்மக். உடலைப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டே வரைந்துவிடலாம் என்று யோசித்தார். 1963, 1964-ல் அந்தக் கணக்கை ஆய்விதழில் வெளியிட்டபோது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இங்கிலாந்தில் இஎம்ஐ நிறுவனத்தின் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மக்கின் வேலையை அறியாமலே சிடி ஸ்கேனர் இயந்திரத்தைக் கட்டினார். 1971 அக்டோபர் 1 அன்று முதல் நோயாளியின் மூளை அதில் படமெடுக்கப்பட்டது. 1979-ல் இருவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் இஎம்ஐ என்ன ஆயிற்று? இசைத்தட்டும் மின்னணுச் சாதனங்களும் செய்துவந்த நிறுவனம் அது. மருத்துவமனைகளுக்கு விற்றுப் பழக்கமில்லை. முதல் சில ஆண்டுகள் ஆர்டர்கள் குவிந்தன. பிறகு ஜிஇ, சீமென்ஸ் போன்றவை களத்தில் இறங்கின. எக்ஸ்ரே துறைகளில் பல பத்தாண்டுகளாக அவற்றின் விற்பனையாட்களும் பழுதுபார்க்கும் பொறியாளர்களும் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஹவுன்ஸ்ஃபீல்டு பரிசு வாங்கிய அதே 1979-ல் இஎம்ஐ நட்டத்தில் தள்ளாடி தார்ன் நிறுவனத்தின் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு ஸ்கேனர் தொழில் ஜிஇயிடம் விற்கப்பட்டது. உலகத்தையே மாற்றிய கருவி, முதலில் செய்தவர்களும் அவர்களே, கையில் பெரும் பணமும் இருந்தது. அப்படியிருந்தும் நடு இரவில் இயந்திரம் நின்றால் வந்து பார்க்க ஊருக்கு ஊர் ஆள் இல்லாதது அவர்களைச் சாய்த்த காரணங்களில் ஒன்று.

உங்கள் விளக்கு இப்போது டோங்காட்டிலிருந்து வண்டி எடுத்துப் போய் ஒரு மணி நேரத்தில் சரிசெய்யும் தூரத்தில் இருக்கிறது. தொலைவிலுள்ள பொலொக்வானேயிலோ ஜாம்பியாவின் லுசாகாவிலோ ஒரு மின்வழங்கிப் பெட்டி எரிந்துபோனால் யார் போவது? ஏழு பேரில் ஒருவரை அனுப்பினால் இங்கே வேலை நிற்கும். கருவி இரண்டு வாரம் மூலையில் கிடந்தால் அந்த வார்டின் நர்ஸ் மறுபடி அதைத் தொடமாட்டார்.

வாங்குபவர்களின் அமைப்பும் சிறியவர்களுக்குச் சாதகமாக இல்லை. தனியார் பக்கம் பார்த்தால் நெட்கேர், லைஃப், மெடிகிளினிக் ஆகிய மூன்று மருத்துவமனைக் குழுமங்களிடமே 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட படுக்கைகள் இருப்பதாக 2019-ல் வெளிவந்த சுகாதாரச் சந்தை விசாரணை அறிக்கை சொன்னது. மூன்று கொள்முதல் அலுவலகங்கள் கதவைத் திறக்காவிட்டால் தனியார் சந்தையே இல்லை. அரசுப் பக்கம் டெண்டர். டர்பனின் கேட்டோ மேனரில் 2002-ல் திறந்த இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள்: அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் ஏற்பாடு அது. கருவிகளையும் கணினி அமைப்பையும் ஒரு தனியார் கூட்டமைப்பு வழங்கிப் பராமரிக்கும் என்று ஒப்பந்தம் செய்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் டாக்டருக்கு உங்கள் விளக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும் நேரடியாக வாங்கச் சொல்ல அவரால் முடியாது.

பணம் வரும் வேகத்தையும் சொல்லியாக வேண்டும். அரசுத் துறைகள் பில் வந்த 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்பது நிதித்துறை விதி. மாகாணச் சுகாதாரத் துறைகளில் அது எந்த அழகில் நடக்கிறது என்பது உங்கள் வங்கிக் கணக்குக்கே தெரியும். சரக்கை முன்கூட்டியே பணம் கொடுத்து வாங்கிக்கொள்ளும் விற்பனைக் கூட்டாளி கிடைத்தால் சம்பளத் தேதியில் நிம்மதியாகத் தூங்கலாம். கூட்டு வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவே பாதிக் காரணம்.

மதுரைக்காரன் என்பதால் ஆரோலேபைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. தனித்து நின்று ஜெயித்தவர்கள் என்றால் எல்லோரும் அவர்களைத்தான் காட்டுவார்கள். அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக 1992-ல் தொடங்கி, கண்புரை அறுவையில் வைக்கும் லென்சைத் தாங்களே செய்தார்கள். நூறு டாலர் அளவில் விற்ற லென்ஸ் பத்து டாலருக்கும் கீழே வந்தது. எந்தப் பன்னாட்டு நிறுவனத்துக்கும் பங்கு கொடுக்கவில்லை. பெருமையான கதைதான். ஆனால் அதில் கவனிக்க வேண்டியது வேறு: முதல் நாளே அவர்களுக்கு வாடிக்கையாளர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். செய்கிற லென்ஸை வாங்கிக்கொள்ள, குறை சொல்லித் திருத்த, பக்கத்திலேயே இந்தியாவின் மிகப் பெரிய கண் மருத்துவமனைகளில் ஒன்று. லென்ஸ் செய்யும் தொழில்நுட்பத்தைக்கூட வெளியாரின் துணையோடுதான் கொண்டுவந்தார்கள். உங்களுக்கு அப்படியொரு தாய் மருத்துவமனை இல்லை. ஆகவே அவர்களைப் பார்த்துத் தனியாக நிற்கக் கிளம்புவது பொருந்தாது.

உங்களுக்கு நேராகப் பொருந்தும் கதை சென்னையில் இருக்கிறது, உங்கள் கருவியேதான். அமெரிக்காவின் டி-ரெவ் என்ற இலாப நோக்கற்ற வடிவமைப்பு நிறுவனம் பிரில்லியன்ஸ் என்ற எல்இடி ஒளிசிகிச்சை விளக்கை உருவாக்கியது. பழைய கருவிகளில் குழல் விளக்கு எரிந்துபோனால் மாற்று கிடைக்காமல், ஒளி போதாத விளக்கின் கீழே குழந்தை கிடக்கும். அதைத் தீர்ப்பதே நோக்கம். அவர்கள் தாங்களே தொழிற்சாலை கட்டவில்லை. குழந்தைகள் பிரிவுக் கருவிகளைப் பல காலமாகச் செய்து விற்றுவரும் சென்னை ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸுக்கு அந்த வடிவமைப்பைச் செய்து விற்கும் அனுமதியைக் கொடுத்தார்கள். உற்பத்தி, விற்பனை, பழுதுபார்ப்பு எல்லாம் ஃபீனிக்ஸ் பொறுப்பு. அந்த ஒப்பந்தத்தின் அழகு ராயல்டியில் இருக்கிறது. பணக்காரத் தனியார் மருத்துவமனைக்கு விற்றால் ஒரு கணக்கு, ஏழைகள் வரும் அரசு மருத்துவமனைக்கு விற்றால் விற்பவருக்குச் சாதகமான இன்னொரு கணக்கு என்று எழுதினார்கள். நல்லெண்ணத்தை நம்பிக்கொண்டிருக்காமல், கூட்டாளியின் இலாபமும் தங்கள் நோக்கமும் ஒரே திசையில் ஓடும்படி காகிதத்திலேயே ஏற்பாடு செய்துகொண்டார்கள். உங்கள் அக்காவின் பயம், "நம் கருவியைப் பெரிய ஊர்த் தனியார் மருத்துவமனைக்கு மட்டும் விற்றுவிட்டு எஷோவே, போர்ட் ஷெப்ஸ்டோன் போன்ற சிறிய ஊர்களை மறந்துவிடுவார்கள்" என்பதுதானே? அந்தப் பயத்துக்கு மருந்து இப்படிப்பட்ட ஒரு பிரிவு.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. ஸ்டெலன்போஷின் சினாப்பி பயோமெடிக்கல், பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப்போக்கை நிறுத்தும் எல்லாவி பலூனை, பாத் என்ற சர்வதேச அமைப்போடு சேர்ந்து உருவாக்கியது. தயாரிப்பு சினாப்பியின் கையில். பிரிட்டோரியாவில் பல்கலைக்கழகத்திலிருந்து முளைத்த ஹியர்எக்ஸ், செவித்திறன் சோதனையில் தொடங்கி, லெக்ஸி என்ற சொந்தப் பெயரில் செவிக்கருவிகளை அமெரிக்காவில் விற்றது. மருந்துச்சீட்டு இல்லாமலே செவிக்கருவி வாங்கலாம் என்ற அமெரிக்க விதி 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, போஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை வாங்கித் தன் கருவிக்குள் வைத்திருந்தது. பெட்டியின் மேல் லெக்ஸி என்ற பெயர், அதற்குத் துணையாகப் போஸ். கடைசியில் 2025-ல் இயர்கோ என்ற அமெரிக்க நிறுவனத்தோடு முழுதாக இணைந்தது. சொந்தப் பெயரைச் சந்தையில் நிலைநிறுத்திய பிறகு நடந்த இணைப்பு அது.

இனி உரிமத்துக்கு வருகிறேன். ஐரோப்பியர்கள் அனுப்பிய கடிதத்தில் "பதிவு வேலைகளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு வரி இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கேட்க இதமான வரி. மிக ஆபத்தான வரியும் அதுவே.

ஒவ்வொரு நாட்டிலும் கருவியை யாரோ ஒருவர் பெயரில் பதிய வேண்டும். இங்கே மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் சாப்ரா ஆணையம் 2018 முதல் உற்பத்தியாளருக்கும் விநியோகஸ்தருக்கும் உரிமம் தருகிறது. அதற்கு அடிப்படை ஐஎஸ்ஓ 13485 தரச் சான்று. கென்யா, ஜாம்பியா, கானா என்று போனால் அங்கங்கே தனித்தனி அமைப்புகள். கூட்டாளி தன் பெயரில் பதிந்துவிட்டால், ஒப்பந்தம் முடிகிற நாளில் கருவி உங்களுடையது, ஆனால் அந்த நாட்டில் அதை விற்கும் அனுமதி அவருடையது. ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌட்டெங் மாகாணத்தில் எனக்குத் தெரிந்த ஒரு சிறிய நிறுவனத்துக்கு இதுவே நடந்தது. விநியோகஸ்தர் ஐந்து நாடுகளில் தன் பெயரில் பதிவு வைத்திருந்தார். உறவு கசந்ததும் பதிவை மாற்றித் தர மறுத்தார். அதே அளவு, அதே நிறத்தில் வேறு நாட்டுக் கருவி ஒன்றை அதே வாடிக்கையாளர்களிடம் கொண்டுபோனார். அந்த நிறுவனம் ஒவ்வொரு நாட்டிலும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. இடையில் வருமானம் நின்று, செய்பவர்கள் பாதிப்பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. பதிவு உங்கள் பெயரில் இருக்கட்டும், உள்ளூர்ப் பிரதிநிதி என்ற அளவில் மட்டும் அவர்கள் பெயர் வரட்டும். ஏதாவது ஒரு நாட்டுச் சட்டம் அதற்கு இடம் தராவிட்டால், ஒப்பந்தம் முடிந்தால் இத்தனை நாளுக்குள் பதிவை மாற்றித் தர வேண்டும் என்று முன்கூட்டியே கையெழுத்திட்ட மாற்றுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவில் விற்க அவர்களுடைய முத்திரையைக் குத்தலாம் என்றும் சொல்வார்கள். 2021 மே மாதம் முதல் அங்கே நடைமுறையில் இருக்கும் புதிய மருத்துவக் கருவி விதிகள் சிறியவர்களுக்குப் பெரும் செலவு வைப்பவை, உண்மைதான். ஆனால் பெட்டியின் மேல் அவர்கள் பெயர் போட்டால் சட்டத்தின் கண்ணில் உற்பத்தியாளர் அவர்களே. அப்போது உங்கள் வடிவமைப்புக் கோப்பு முழுவதையும் பார்க்கும் உரிமை கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கும், ஏனென்றால் பொறுப்பு அவர்கள் தலையில். ஆகவே அந்த ஏற்பாடு வேண்டுமென்றால் ஐரோப்பாவுக்கு மட்டும், தனி ஒப்பந்தமாக, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு கழித்து.

புகார்ப் பதிவேடு ஏன் என்று கேட்பீர்கள். தீவிர ஒளிசிகிச்சைக்கு 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளத்தில், சதுர சென்டிமீட்டருக்கு, ஒரு நானோமீட்டருக்கு 30 மைக்ரோவாட் ஒளியாவது குழந்தையின் தோலில் விழ வேண்டும். விளக்கைக் கொஞ்சம் உயர்த்திவிட்டால் அது குறைந்துவிடும். நர்ஸ் கைக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று விளக்கை உயர்த்திவைக்கிறார் என்ற செய்தி உங்களுக்கு வந்தால்தான் அடுத்த மாதிரியில் தாங்கியைத் திருத்துவீர்கள். அந்தக் காலத்தில் டர்பனின் வார்விக் சந்தைக்கு வண்டி கட்டிக் கத்தரிக்காய் கொண்டுபோன நம் தோட்டக்காரர்கள், ஏஜெண்டிடம் போட்டுவிட்டுத் திரும்பாமல் தாங்களே மேஜை போட்டு விற்றபோது, எந்த விதை எடுபடும் என்று அடுத்த விதைப்புக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். நடுவில் இருப்பவர் வாடிக்கையாளரை மறைத்துவிட்டால் உங்கள் கருவி வளராது. எல்லாப் புகாரும் பத்து நாளுக்குள் உங்களுக்கு வர வேண்டும், எந்த எண்ணுள்ள கருவி எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்ற பட்டியல் உங்களிடமும் இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். குழந்தைகளின் உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பங்கு விஷயம். உங்கள் குடும்பம் ஐந்து தலைமுறையாக இங்கே இருப்பது. கறுப்பினத்தவரின் பொருளாதார முன்னேற்றத்துக்கான பிபிபிஇஇ சட்டத்தில், 'கறுப்பினத்தவர்' என்ற வரையறையில் இந்தியர்களும் அடங்குவர். பிறப்பாலோ வம்சாவளியாலோ இந்நாட்டுக் குடியுரிமை இருக்க வேண்டும், வெளியிலிருந்து வந்தவர் என்றால் 1994 ஏப்ரல் 27-க்கு முன்பே அதைப் பெற்றிருக்க வேண்டும். பின்னால் வந்த என்னைப் போன்றவர்களுக்கு அது கிடையாது. ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ரேண்டுக்குள் இருக்கும் உங்களைப் போன்ற நிறுவனம், முழுவதும் கறுப்பினத்தவர் உடைமையாக இருந்தால் அந்தச் சட்டத்தின் தரவரிசையில் முதல் நிலை. 51 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாம் நிலை. அதற்குக் கீழே போனால் நான்காம் நிலை. 30 சதவீதம் கொடுத்த அன்றே ஒரு படி இறங்குகிறீர்கள். இன்னொரு 20 சதவீதத்தை அவர்கள் பின்னால் கேட்டால் நான்குக்கு விழுவீர்கள். ஐந்து கோடி ரேண்ட் வரையிலான அரசு டெண்டரில் 80 புள்ளி விலைக்கு, 20 புள்ளி இப்படிப்பட்ட தகுதிகளுக்கு. பெரிய நிறுவனத்தோடு விலையில் மோத முடியாத உங்களுக்கு அந்த 20 புள்ளி பெரிய ஆயுதம். 2024-ல் கையெழுத்தான புதிய பொதுக் கொள்முதல் சட்டமும் ஒதுக்கீட்டுக்கு இடம் வைத்திருக்கிறது. அரசுக்கு விற்கும் நிறுவனம் இதை யோசிக்காமல் பங்கை விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. ஒரு பெரிய நிறுவனம் உங்களுக்குள் பங்குதாரராக வந்து உட்கார்ந்தால் அதன் போட்டியாளர்கள் யாரும் உங்கள் வாசலுக்கு வரமாட்டார்கள். நாளை நிறுவனத்தையே விற்க நினைத்தால் வாங்குபவர் ஒருவரே. "வேறு யார் விலை சொன்னாலும் அதே விலைக்கு முதலில் எங்களுக்குத்தான்" என்ற உரிமையையும் சேர்த்துக் கேட்பார்கள். அது இருந்தால் வேறு யாரும் விலை சொல்லவே வரமாட்டார்கள். அவர்களோடு முதலில் பேசுவோம் என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் அரசுப் பணத்தில் ஏதாவது சோதனை செய்திருந்தால் அதையும் இப்போதே பாருங்கள். 2008-ஆம் ஆண்டின் 51-ஆம் சட்டப்படி அந்தக் கண்டுபிடிப்பின் உரிமை பல்கலைக்கழகத்துக்குப் போகக்கூடும். அதை வெளிநாட்டுக்குக் கொடுக்கத் தனி அனுமதி வேண்டும்.

இதய வால்வு போல உடலுக்குள் வைக்கும் கருவியாக இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். அதற்கான மருத்துவப் பரிசோதனைச் செலவு சிறியவர்களை விழுங்கிவிடும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிலையம் தான் வடிவமைத்த வால்வை டிடிகே நிறுவனத்திடம் கொடுத்ததால்தான், 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்திய அந்த வால்வு பிறகு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்ந்தது. உங்கள் விளக்குக்கு அந்தச் சுமை இல்லை.

ஆகவே இந்த வாரம் அவர்களுக்கு ஒரு பதில் எழுதுங்கள். ஆப்பிரிக்கா முழுவதும் என்பதற்குப் பதில் நீங்கள் எட்ட முடியாத நான்கைந்து நாடுகளை மட்டும் கொடுங்கள். தென்னாப்பிரிக்காவும், உங்களால் போய்வர முடிந்த எஸ்வாட்டினி, லெசோத்தோவும் உங்களிடமே இருக்கட்டும். காலம் மூன்று ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் குறைந்தபட்சம் இத்தனை கருவி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் அந்த நாடுகளில் அவர்கள் மட்டுமே விற்கும் உரிமை தானாக முடியும். இந்த ஒரு பிரிவை மறுப்பவர்கள் உங்கள் கருவியை விற்க வரவில்லை, தங்கள் கருவிக்குப் போட்டி வராமல் அலமாரியில் பூட்டி வைக்க வந்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்வேன். விலை யூரோவிலா ரேண்டிலா என்று தெளிவாக எழுதுங்கள், ரேண்ட் ஆடும் ஆட்டத்தில் அரை ஆண்டு இலாபம் போய்விடும். அவர்கள் நிறுவனம் வேறு யாருக்காவது கைமாறினால் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமை உங்களுக்கு வேண்டும். பங்கைப் பற்றி, "இரண்டு ஆண்டு விற்பனையைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்று மரியாதையாக எழுதுங்கள்.

அப்பாவின் வீட்டுக் கடனை நினைத்துத்தான் உங்களுக்குக் கை நடுங்குகிறது என்று புரிகிறது. அதற்கு முன்பணம் கேளுங்கள்: முதல் ஆண்டுக் கொள்முதலில் ஒரு பங்கை ஒப்பந்தத்தின்போதே தரச் சொல்லுங்கள். விற்பனையில் நம்பிக்கை உள்ளவர்கள் தருவார்கள். அதை வைத்து வங்கியில் பேசி, அப்பா தனிப்பட்ட முறையில் கொடுத்திருக்கும் ஷூரிட்டியை முதலில் விடுவியுங்கள். ஒப்பந்தத்தின் வரைவு வந்ததும், குடும்பத்துக்குப் பழக்கமான வக்கீலோடு நிறுத்தாமல், மருத்துவக் கருவி ஒப்பந்தம் பார்த்துப் பழகிய ஒருவரிடமும் காட்டுங்கள். அதற்கு ஆகும் செலவைப் பார்த்து அக்கா தயங்கினால், கௌட்டெங் நிறுவனத்தின் கதையை அவருக்கும் சொல்லுங்கள்.